விடுதிப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கும்படி விதிகளை எழுதுங்கள்: இளையோர் நல ஆய்விதழின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதன்மை ஆசிரியர் அவர்களுக்கும் ஆசிரியர் குழுவினர் அனைவருக்கும்,

இளையோர் நலனுக்கென்று நீங்கள் நடத்தும் ஆய்விதழ் இந்த ஆண்டு ஒரு வெளிநாட்டுப் பதிப்பகத்தின் பொறுப்புக்குப் போனது. கூடவே புதிய சமர்ப்பிப்பு விதிகளும் வந்தன. கட்டுரையாளர் ஒவ்வொருவருக்கும் நிறுவன மின்னஞ்சல் இருக்க வேண்டும். 18 வயது நிறையாதவர் பெயர் கட்டுரையாளர் வரிசையில் வரக்கூடாது. நேர்காணல் நடத்தியிருந்தால் அதன் முழு எழுத்துப்படியையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி பொதுக் களஞ்சியத்தில் போட வேண்டும். கட்டுரையாளர் கட்ட வேண்டிய பதிப்புக் கட்டணம் இனி டாலரில். கட்டண விலக்கு ஒரு பட்டியலில் உள்ள நாடுகளுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

இந்த விதிகளை யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்று தெரியவில்லை. பள்ளிகளிலும் விடுதிகளிலும் பிள்ளைகளோடு அன்றாடம் வேலை செய்பவர்களைக் கேட்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. கேட்டிருந்தால் இதில் ஒன்றுகூட இந்த வடிவில் வந்திருக்காது.

தென் மாவட்டம் ஒன்றில், ஒரு சிறிய அறக்கட்டளையின் உளவியல் ஆலோசகராக அரசுப் பள்ளிகளுக்கும் மாணவியர் விடுதிகளுக்கும் போய்வருகிறேன். காசு கட்டாமல் படிக்க முடிந்ததால்தான் உங்கள் இதழ் எங்கள் கைக்கு வந்தது. நல்ல கட்டுரைகளை அச்செடுத்து, அடிக்கோடிட்டு, புதிதாகச் சேரும் களப்பணியாளர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். ஆய்வுகளை எவரும் காசில்லாமல் படிக்க வழி வேண்டும் என்று கேட்டு 2002ஆம் ஆண்டு வெளியான புடாபெஸ்ட் திறந்த அணுகல் அறிக்கையில் ஒரு வரி உண்டு: பணக்காரர்களின் கல்வியை ஏழைகளோடும், ஏழைகளின் கல்வியைப் பணக்காரர்களோடும் பகிர்ந்துகொள்வது. அந்த வரியின் முதல் பாதியை உங்கள் இதழ் இத்தனை ஆண்டுகளாக நிறைவேற்றியிருக்கிறது. இரண்டாம் பாதிக்கான வழியைத்தான் இப்போது அடைக்கிறீர்கள்.

பழைய விதிகளின்படி உங்களுக்கு அனுப்பிய எங்கள் கட்டுரை எதைப் பற்றியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் என் கோபம் புரியாது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியர் மனம் கலங்கும்போது யாரிடம் போகிறார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. நாங்கள் போன விடுதிகளின் சுவர்களில் 104 என்றும் 14416 என்றும் உதவி எண்கள் எழுதப்பட்டிருந்தன. 104 மாநில அரசின் மருத்துவ உதவி எண். 14416 என்பது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவையின் எண். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த விடுதிகளில் மாணவியர் கைப்பேசி வைத்திருக்க அனுமதி இல்லை. அங்கே இருக்கும் ஒரே போன் காப்பாளரின் சொந்தக் கைப்பேசி. அதைக் கேட்டு வாங்கி, அவர் பக்கத்தில் நிற்கும்போதே, 'எனக்கு உயிரோடு இருக்கவே பிடிக்கலை' என்று எந்தப் பெண் பேசுவாள்?

ராத்திரிச் சாப்பாடு முடிந்து விளக்கணைக்கும் வரைக்குமான நேரம்தான் தாங்க முடியாதது என்று பல பெண்கள் சொன்னார்கள். தட்டு கழுவும் தொட்டியண்டை கடைசி ஆளாக நின்று, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவதாக ஒரு பெண் சொன்னாள். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காதாம். இதையெல்லாம் கேட்டுத்தான் கட்டுரையின் முடிவில் ஒரே ஒரு பரிந்துரையை வைத்தோம்: விடுதித் தாழ்வாரத்தில், காப்பாளர் அறைக்குத் தள்ளி, இந்த இரண்டு எண்களுக்கு மட்டும் போகும்படி ஒரு போன் வைக்க வேண்டும். பெரிய செலவில்லை. அதிகாரிகளிடம் போய்ச் சொன்னால், எங்கே வெளியாகியிருக்கிறது என்று கேட்கிறார்கள். அதற்காகத்தான் உங்களிடம் வந்தோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவ மாணவியர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதில் தமிழ்நாட்டில் 1,416 பேர்; மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியும், உங்கள் தலையங்கங்களிலேயே படித்திருக்கிறேன். தெரிந்தவர்கள்தான் ஒரு கட்டுரையை ஒரு கல்வியாண்டு முழுக்க 'மதிப்பாய்வில் உள்ளது' என்ற ஒற்றை வரியோடு போர்ட்டலில் நிறுத்திவைத்திருந்தீர்கள். எத்தனை முறை விசாரித்தாலும் தானியங்கிப் பதில்தான் வந்தது. பொதுத்தேர்வு வந்தது, முடிவுகள் வந்தன, விடுதிகள் காலியாகித் திரும்ப நிரம்பின. அதற்குப் பிறகுதான், கட்டுரையைப் படித்து வெளியிடலாமா என்று உங்களுக்குச் சொல்லும் மதிப்பாய்வாளர்களின் குறிப்புகள் வந்தன.

முதல் மதிப்பாய்வாளர், கைப்பேசிச் செயலி வழியாகத் தரப்படும் ஆலோசனையோடு ஏன் ஒப்பிடவில்லை என்று கேட்டிருந்தார். கைப்பேசி இல்லை என்பதுதான் ஐயா கட்டுரையே. சுருக்கத்தின் முதல் வாக்கியத்திலேயே அது இருக்கிறது. இரண்டாமவர், ஒப்பீட்டுக் குழு இல்லாததால் ஆய்வு பலவீனமானது என்றார். நேர்காணல் வழி ஆய்வுக்கு ஒப்பீட்டுக் குழு தேவையில்லை என்பது உங்கள் இதழின் சொந்த வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. நேர்காணல் ஆய்வுகளுக்கென்றே 2007இல் வெளியான 32 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று உண்டு, கோரெக் என்பார்கள். அதை முழுக்க நிரப்பி இணைத்திருந்தோம். அவர் அதைத் திறந்து பார்த்த அடையாளமே இல்லை. ஒரே மாவட்டத்தில் செய்த ஆய்வு மற்ற இடங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பது அவரது இன்னொரு கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மாதம் வந்த உங்கள் இதழில், ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் உளவியல் மாணவர்களிடம் மட்டும் எடுத்த ஆய்வு, தலைப்பில் நாட்டின் பெயர்கூட இல்லாமல், 'இளையோர்' என்ற பொதுப் பெயரோடு வெளியாகியிருந்தது. உளவியல் ஆய்வுகளின் மாதிரிகளில் 96 விழுக்காடு, உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே உள்ள நாடுகளிலிருந்து வருகின்றன என்று 2010இல் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை உங்கள் குழுவில் பலர் மேற்கோள் காட்டுவதுதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் ஏன் எப்போதும் 'ஒரே மாவட்டம்'?

ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு இருந்தது: தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கி வாருங்கள் என்று. எந்த வாக்கியம் புரியவில்லை என்று சொல்லவில்லை. 2023இல் பிளாஸ் பயாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஆய்வாளர்களின் கட்டுரைகள் மொழியைக் காரணம் காட்டி ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாக நிராகரிக்கப்படுவதையும், மொழியைத் திருத்தச் சொல்லி 12 மடங்குக்கும் மேல் அதிகமாகத் திருப்பி அனுப்பப்படுவதையும் காட்டியது. திருத்தித் தரும் நிறுவனங்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன. அந்தப் பணத்தில் எங்கள் களப்பணியாளர் ஒருவர் பல மாதம் பஸ்ஸுக்குச் செலவழிக்கலாம்.

மதிப்பாய்வு செய்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது, ஆள் கிடைப்பதே பாடு என்பதை அறிவேன். நீங்களும் வகுப்பெடுத்து, தேர்வுத்தாள் திருத்தி, மிச்ச நேரத்தில்தான் இதழைப் பார்க்கிறீர்கள். அந்த உழைப்பை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் விடுதிகளை உள்ளே போய்ப் பார்த்திராத இரண்டு பேரிடம் விடுதி பற்றிய கட்டுரையைக் கொடுத்தது உங்கள் தேர்வு. இந்த மாநிலத்தில் எத்தனையோ பள்ளி ஆலோசகர்கள், மருத்துவ சமூகப் பணியாளர்கள், ஓய்வுபெற்ற காப்பாளர்கள் இருக்கிறார்கள். கேட்டால் படித்துச் சொல்வார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2014லிருந்தே நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் மதிப்பாய்வாளர்களாக அழைக்கிறது. 2013இல் தொடங்கிய ஃப்ரான்டியர்ஸ் ஃபார் யங் மைண்ட்ஸ் இதழில், ஓர் அறிவியலாளர் துணையிருக்க, பள்ளிப் பிள்ளைகளே கட்டுரையை மதிப்பாய்வு செய்கிறார்கள். இளையோர் நல இதழுக்கு இது எட்டாத காரியமா?

இன்னொன்று. எங்கள் பெயரும் முகவரியும் மதிப்பாய்வாளருக்குத் தெரியும், அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. புதிய விதிகளிலும் அப்படியேதான் வைத்திருக்கிறீர்கள். நோபல் பரிசு பெற்ற ஒருவரும் பெயர் தெரியாத இளைஞர் ஒருவரும் சேர்ந்து எழுதிய ஒரே கட்டுரையை நூற்றுக்கணக்கான மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு 2022இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. இளைஞரின் பெயரை மட்டும் கண்டவர்களில் சுமார் 65 விழுக்காட்டினர் நிராகரிக்கச் சொன்னார்கள். நோபல்காரரின் பெயரை மட்டும் கண்டவர்களில் அப்படிச் சொன்னவர்கள் சுமார் 23 விழுக்காடு. எழுத்து ஒன்றுதான். கிராமத்து அறக்கட்டளையின் பெயரை முதல் பக்கத்தில் பார்த்ததும் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, என்னைத் தூங்கவிடாத விதிக்கு வருகிறேன். எழுத்துப்படிகளைப் பொதுவில் போடுவது.

தரவு வெளிப்படையாக இருந்தால் தவறும் பொய்யும் பிடிபடும், அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. எண்களைக் கொடுப்பதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஒரு பெண் இரண்டு மணி நேரம் பேசியதை, பெயரை மட்டும் எடுத்துவிட்டுப் போட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று எண்ணுகிறீர்கள். பெருநகரத்தில் மறையலாம். விவரங்களை மாற்றி ஓர் உதாரணம் சொல்கிறேன். அப்பா இறந்துவிட்டார், அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார், அக்காவுக்குப் பிளஸ் ஒன் பாதியில் கல்யாணம், இவளுக்கு இடது கையில் எண்ணெய் பட்ட தழும்பு, சாதி பெயர் சொல்லித் திட்டிய ஆசிரியர் கணக்கு எடுப்பவர். இதில் பெயர் எங்கே இருக்கிறது? ஆனாலும் அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எவரும் யார் பிள்ளை என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கணக்கு ஆசிரியரும் கண்டுபிடிப்பார். அவள் இன்னும் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும். அடையாளம் தெரியும் பகுதிகளை அடித்துவிடுங்கள் என்கிறது உங்கள் விதி. சாதியையும் வீட்டையும் பள்ளியையும் அடித்தால் அவள் சொன்னதில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, பெற்றோர் சம்மதத்தோடு கூட, 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் வாய்மொழியாகவும், அதற்கு மேல் 18 வரை எழுத்திலும் பிள்ளையின் சொந்த இசைவை வாங்க வேண்டும். வாங்கினோம். செங்கல் சூளைக்குப் போயிருந்த பெற்றோரைத் தேடிப் போய், சாட்சி வைத்து, கைநாட்டு வாங்கினோம். 'நீ சொல்வது எங்கள் குழுவைத் தாண்டிப் போகாது' என்று அந்தத் தாள்களில் எழுதியிருக்கிறது. ஒரு பெண் அந்த வரியை விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். திருத்திய கட்டுரையைப் புதிய விதிகளின்படிதான் ஏற்போம் என்று உங்கள் அலுவலகம் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீற வேண்டும், அல்லது கட்டுரையைக் கைவிட வேண்டும். வாக்கை மீற மாட்டேன்.

மதிப்பாய்வாளர்கள் கையெழுத்துப் பிரதியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஏற்றலாமா கூடாதா என்பது பற்றி உங்கள் விதிகளில் ஒரு சொல்கூட இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தன் நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்களுக்கு 2023லேயே அதைத் தடை செய்துவிட்டது. எங்கள் கட்டுரையில் பிள்ளைகளின் வாய்ச்சொற்கள் மேற்கோளாக இருக்கின்றன. அவை எங்கே போகின்றன என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது கட்டுரையாளர் வரிசை. எங்கள் ஆய்வில் கேள்விகளை வடிவமைத்தவர்களில் மூவர் அந்த விடுதிகளிலேயே படித்தவர்கள். 'யாருடன் பேசுவாய்?' என்று நாங்கள் வைத்திருந்த கேள்வியை அடித்துவிட்டு, 'எந்த நேரத்தில், எங்கே நின்று பேசுவாய்?' என்று மாற்றியவர்கள் அவர்கள்தான். தட்டு கழுவும் தொட்டி அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. முடிவுகளை அவர்களோடு உட்கார்ந்து விவாதித்தோம், வரைவைத் தமிழில் படித்துக் காட்டித் திருத்தம் வாங்கினோம். அவர்களில் ஒருவருக்கு இன்னும் 18 ஆகவில்லை. மற்ற இருவருக்கும் நிறுவன மின்னஞ்சல் கிடையாது. எங்கள் அறக்கட்டளைக்கே ஜிமெயில்தான். மூவரையும் நன்றியுரைக்கு நகர்த்தும்படி உங்கள் அலுவலகம் கேட்கிறது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த அளவுகோல்கள் நான்கு: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பு. உங்கள் இதழும் அதையே பின்பற்றுவதாகச் சொல்கிறது. அதில் வயது எங்கே இருக்கிறது? மின்னஞ்சல் முகவரி எங்கே இருக்கிறது? சம்பந்தமே இல்லாத துறைத் தலைவரின் பெயரைக் கௌரவத்துக்குச் சேர்ப்பது பல இடங்களில் நடக்கிறது. அதைத் தடுக்க உங்கள் விதிகளில் எதுவும் இல்லை. வேலை செய்த பிள்ளையின் பெயரை எடுக்க மட்டும் விதி இருக்கிறது.

பட்டமில்லாதவர்களால் என்ன முடியும் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்குமானால், பீகாரின் நாளந்தா மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் நடந்த சேஹெர் ஆய்வை எடுத்துப் பாருங்கள். 2018இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. ஒரே நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களும் சிலவற்றில் ஆசிரியர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய இடங்களில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் சீண்டலும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடங்களில் அந்தப் பலன் இல்லை. பிள்ளைகளுக்கு யார் நெருக்கம் என்பது ஆய்வின் தரத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

கட்டணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வருமானம் குறைந்த நாடுகளுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த விலையிலோ தரும் ரிசர்ச்4லைஃப் அமைப்பின் பட்டியலை வைத்து விலக்கு தருகிறீர்கள். அது நாட்டைப் பார்த்துத் தரும் சலுகை. இந்தியா அதில் இல்லை. ஐஐடி பேராசிரியருக்கும் எங்கள் அறக்கட்டளைக்கும் ஒரே கட்டணம். நீங்கள் கேட்கும் தொகை எங்கள் ஆலோசகர் ஒருவரின் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். பணம் கட்டினால் இரண்டே வாரத்தில் போட்டுத்தருகிறோம் என்று தினமும் மின்னஞ்சல் அனுப்பும் போலி இதழ்கள் இதைவிட மலிவு. இளம் ஆய்வாளர்கள் பலர் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள்.

எங்கள் வேண்டுகோள்கள் இவை. எழுத்துப்படியைப் பொதுவில் போடும் விதியை, 18 வயதுக்குட்பட்டோர் பங்கேற்ற எல்லா ஆய்வுகளுக்கும் உடனடியாக நிறுத்திவையுங்கள். தரவைச் சரிபார்க்க வேண்டுமென்றால், எங்களுக்கு அனுமதி தந்த மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழு முன்னிலையில் உங்கள் பிரதிநிதி வந்து பார்க்கட்டும், ஏற்பாடு செய்து தருகிறோம். கட்டுரையாளர் வரிசைக்கு வயது வரம்பையும் நிறுவன மின்னஞ்சல் நிபந்தனையையும் நீக்குங்கள். 18க்குக் கீழ்ப்பட்டவர் என்றால் அவருடைய விருப்பத்தையும் பெற்றோர் சம்மதத்தையும் கேளுங்கள், பெயர் வெளியே தெரிவது அவருக்கு ஆபத்தா என்று சேர்ந்து முடிவெடுப்போம்.

கட்டுரையாளர் பெயரும் நிறுவனமும் மதிப்பாய்வாளருக்குத் தெரியாத முறைக்கு மாறுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் களத்தில் வேலை செய்யும் ஒருவரையாவது மதிப்பாய்வாளராகச் சேருங்கள். பெயர்ப் பட்டியல் தயாரிக்க உதவ நாங்கள் தயார். மொழியைக் குறை சொல்லும் மதிப்பாய்வாளர் எந்த வாக்கியம் என்று சுட்டிக்காட்ட வேண்டும் என்று எழுதிவையுங்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு வராவிட்டால், காரணத்தைச் சொல்லி ஓர் ஆசிரியர் தன் பெயரில் எழுத வேண்டும். கட்டுரையாளர் விரும்பினால் அபராதமின்றித் திரும்பப் பெறலாம். கையெழுத்துப் பிரதிகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஏற்றக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். கட்டண விலக்கை நாட்டைப் பார்த்துத் தராமல், ஆய்வுக்கு நிதி இருந்ததா என்று பார்த்துத் தாருங்கள். பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தம் அதற்கு இடம் தராது என்றால், அந்த ஒப்பந்தத்தின் கட்டணப் பகுதியையாவது வெளியிடுங்கள்.

எங்கள் கட்டுரையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. அதை அனுப்பிய நாளில் நடப்பிலிருந்த விதிகளின்படி, விடுதிகளை அறிந்த ஒருவரைக் கொண்டு மறுபடி மதிப்பாய்வு செய்யுங்கள் என்று கேட்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறோம்.

இந்த மடலைத் தமிழில் எழுதியது, ஆசிரியர் குழுவில் பலர் தமிழ் படிப்பவர்கள் என்பதாலும், எங்களோடு வேலை செய்த அந்த மூன்று பெண்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதாலும். பதிலையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இதழிலேயே வெளியிடுங்கள். அடுத்த இதழ் வருவதற்குள் வரட்டும். என் பெயரைப் போட்டால் விடுதி எது என்று தெரிந்துவிடும், அதனால் இங்கே போடவில்லை. நான் யார், கட்டுரை எது என்பது உங்கள் அலுவலகத்துக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிகளிலும் மாணவியர் விடுதிகளிலும் பணிபுரியும் ஓர் உளவியல் ஆலோசகர்